கத்தியைத் தள்ளிப்போட்டவர்கள்: குடற்புரைவழியும் கராயா பிசினும்

ஹௌராவை அடுத்த சாந்த்ராகாச்சியிலிருந்து சென்னை நோக்கி வரும் ரயில்களில், வேலூர் மருத்துவமனையை நாடி வரும் வங்காள நோயாளிகள் பலர். பெருங்குடல் அறுவைக்குப் பின் தையல் கசிந்து, குடல்நீர் வயிற்றுத் தோலைத் துளைத்து வழியத் தொடங்கியவருக்கு அந்த நெடும்பயணம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிஸ்டுலா எனப்படும் இப்புரைவழியின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் ஒரே கதையாகவே சொல்லப்படுகிறது.

கதை இது: பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 157 நோயாளிகளை ஆராய்ந்த எட்மண்ட்ஸ் குழுவினர் 1960இல், நூற்றுக்கு 43 பேர் மாண்டதாக எழுதினர். நீர்–உப்புக் குலைவு, ஊட்டமின்மை, சீழ்த்தொற்று ஆகிய மூன்றுமே கொன்றன. 1968இல் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் நரம்புவழி முழு ஊட்டத்தைச் சாத்தியமாக்கினர், மரணம் குறைந்தது.

கதை அழகானது, கணக்கு வேறு. அதே மருத்துவமனையின் 404 நோயாளிகளை 1979இல் ஆராய்ந்த சூட்டர்ஸ் குழுவினர், 1960களிலேயே, நரம்புவழி ஊட்டம் பரவுமுன்னரே, மரணம் ஏறக்குறைய 15 விழுக்காட்டிற்கு இறங்கிவிட்டதைக் கண்டனர். தொற்றைக் கட்டுப்படுத்தியதும் இடையறாத பராமரிப்பும் அதற்கு முன்பே வேலை செய்திருந்தன. வீங்கிய குடலை அவசரமாகத் திறந்தால் புதுத் தையலும் கிழியும். சீழை வடித்து, உடலைத் தேற்றி, வாரக்கணக்கில் காத்திருந்தால் பல புரைவழிகள் தாமே மூடும். மூடாதவற்றுக்குப் பல மாதம் கழித்தே அறுவை.

காத்திருக்கத் தோல் தாங்க வேண்டுமே! சிறுகுடல் நீர் தோலையே செரித்துவிடும். புண்ணான தோலில் பை ஒட்டாது. 1950களில் கிளீவ்லாந்தின் ரூபர்ட் டர்ன்புல், பல்செட்டு ஒட்டப் பயன்பட்ட கராயா பிசின் தூளைக் குடல்வாயைச் சுற்றியுள்ள தோலுக்குக் காப்பாக்கினார். அவரிடம் சிகிச்சை பெற்ற நார்மா கில், 1958 முதல் அங்கேயே குடல்வாய்ப் பராமரிப்பாளராகப் பிறருக்குக் கற்பித்தார். அக்காப்பு புரைவழிக்கும் பொருந்திற்று.

அப்பிசின் இந்தியக் காட்டு மரத்தினுடையது. மத்திய இந்தியாவிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் பழங்குடியினர் பட்டையைக் கீறி எடுப்பது. ஆந்திரத்தில் அதைக் கொள்முதல் செய்ய 1956இல் விசாகப்பட்டினத்தில் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் எழுந்தது. சாந்த்ராகாச்சி ரயில்கள் அம்மலைகளின் ஓரமாகவே தெற்கே வருகின்றன. அளவுக்கு மீறிக் கீறப்பட்ட மரங்கள் பட்டுப்போயின. பின்னர் செயற்கைக் காப்புவில்லைகள் கராயாவின் இடத்தைப் பிடித்தன; அவற்றையும் பைகளையும் மாதந்தோறும் வாங்குவது இன்று நோயாளியின் சொந்தச் செலவு.