வேலூர் மூஞ்சூறுவும் ஒரு வைரஸ் குடும்ப மரமும்

இந்த எபிசோடை ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர்ல இருந்து பதிவு பண்றேன். இங்கிருந்து மலை இறங்கி வடக்கே போனா வேலூர். அந்த ஊர்ல தோட்டப்பாளையம்னு ஒரு பகுதி. வைரஸ்களுக்கான சர்வதேச வகைப்பாட்டுப் பட்டியல்ல அந்தப் பேர் இருக்கு. அது எப்படி அங்க போச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

1964ல வேலூர்ல பிடிச்ச ஒரு மூஞ்சூறுகிட்ட புது வைரஸ் ஒண்ணு கிடைச்சது. மூஞ்சூறு, நம்ம பிள்ளையாரோட வாகனம். பார்க்க எலி மாதிரி, ஆனா எலிக் குடும்பமே கிடையாது. டொனால்ட் கேரி, ரேச்சல் ரூபன் உள்ளிட்டவங்க 1971ல இதைப் பத்திக் கட்டுரை வெளியிட்டாங்க. கொசு, உண்ணி மாதிரி ஏதாவது கடிச்சுப் பரவுற வைரஸா இருக்கலாம்னு அதுல தற்காலிகமா ஒரு இடம் கொடுத்தாங்க.

அந்தக் காலத்துக்கு அது நியாயமான ஊகம்தான். ஆனா 'கொசு வழியா பரவுறது' என்பது பயண வழி, குடும்பம் இல்லை. ஒரே பஸ்ல வந்தவங்க எல்லாரும் சொந்தக்காரங்க ஆகிடுவாங்களா? அதே 1971ல டேவிட் பால்டிமோர் வேற கேள்வி கேட்டார்: மரபணு டி.என்.ஏ.வா, ஆர்.என்.ஏ.வா? ஒற்றை இழையா, இரட்டையா? அதுல இருந்து புரதம் செய்யுற கட்டளை எப்படி உருவாகுது?

இதுக்கு நடுவுல இன்னொரு கதை. கொரியப் போர்ல 3,000க்கும் மேற்பட்ட ஐ.நா. வீரர்களுக்கு ஒரு ரத்தக்கசிவுக் காய்ச்சல் வந்தது. அதோட காரணத்தை லீ ஹோ வாங் 1976ல வயல் எலிகள்கிட்ட கண்டுபிடிச்சார். ஹன்டான் ஆத்தோட பேரை வச்சு 'ஹன்டான் வைரஸ்' ஆச்சு.

1980களின் கடைசியில எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தப்போ வேலூர் வைரஸும் அந்தச் சொந்தம்தான்னு தெரிய ஆரம்பிச்சது. அதாவது, உலகத்துல முதல்ல பிரிச்செடுத்த ஹன்டா வைரஸ் வேலூர்ல கிடைச்சது. 2007ல முழு மரபணுவையும் படிச்சாங்க. மத்த ஹன்டா வைரஸ்கள் மாதிரியே மூணு ஆர்.என்.ஏ. துண்டு: பெரிசு, நடுத்தரம், சிறிசு. ஆனா எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டா, எலி வைரஸ்கள்ல இருந்து ரொம்ப முன்னாடியே பிரிஞ்சு போன தனிக் கிளை. ஹன்டா வைரஸ்னாலே எலிதான்னு இருந்த நம்பிக்கை அங்க ஆட்டம் கண்டது.

2019ல இதுக்குத் தனிப் பேரினமே கொடுத்தாங்க: தொட்டிம்வைரஸ். தோட்டப்பாளையத்துல இருந்து 'தொட்ட', கொரிய மூஞ்சூறுகிட்ட கிடைச்ச இம்ஜின் வைரஸ்ல இருந்து 'இம்'.

பேர்ல என்ன இருக்குன்னு கேட்கலாம். கொசு வைரஸ்னு நினைச்சா கொசுவைத் தேடுவோம். ஹன்டான்னு தெரிஞ்சா எச்சத்தையும் சிறுநீரையும் தேடுவோம். எலி வைரஸ்களுக்காகச் செஞ்ச ரத்தப் பரிசோதனை, தூரத்துச் சொந்தமான இதைத் தவறவிடவும் வாய்ப்பு இருக்கு.

வேலூர் வைரஸ் மனுஷங்களுக்கு நோய் தரும்னு நிரூபணமாகல, பயப்பட வேண்டாம். ஆனா பரண்ல எலி, மூஞ்சூறு புழுக்கை காய்ஞ்சு கிடந்தா துடைப்பத்தால பெருக்காதீங்க, தூசி பறக்கும். கிருமிநாசினி தெளிச்சு, ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைங்க.