வானேறிய கட்டுச்சோறு

காளிதாசரின் மேகதூதத்தில் கயிலையை நோக்கிப் பறக்கும் அன்னங்கள் தாமரைத் தண்டின் இளந்துண்டுகளை வழியுணவாகக் கொண்டு செல்கின்றன. அவ்வுணவைக் குறிக்க அங்கு ஆளப்படும் சொல் ‘பாதேயம்’. பாதைக்கு உரியது என்பது அதன் பொருள். பழந்தமிழில் இதற்கு நிகரான சொல் ‘ஆற்றுணா’. ஆறு என்றால் வழி. பயணம் போகிறவர் தமக்கான உணவைத் தாமே சுமக்கவேண்டும் என்பது இத்துணைக்கண்டத்தில் எத்துணைப் பழைய எதிர்பார்ப்பு என்பதற்கு இவ்விரு சொற்களுமே சான்று.

இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. மலிவுக் கட்டண விமானங்களில் இலவச உணவு இல்லாமற்போனதை மேலைநாட்டு வணிக உத்தியின் இறக்குமதி என்று விளக்குவதே நம் கருத்தரங்குகளில் வழக்கமாக இருக்கிறது. உத்தி இறக்குமதிதான், அதில் ஐயமில்லை. ஆனால் கட்டணத்தோடு சேர்ந்த உணவுத்தட்டையே பயணத்தின் இயல்பு நிலையாகவும், பையில் கொண்டுபோகும் புளியோதரையைப் பிற்காலத்துச் சரிவாகவும் கருதுவது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். இந்தியப் பயண வரலாற்றில் அந்தத் தட்டுதான் விதிவிலக்கு. அது நிலைத்த காலம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே தொடங்கிய இருப்புப்பாதை சில பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவியபோது, மக்கள் கட்டுச்சோற்றோடுதான் வண்டி ஏறினர். செலவுக்கு அஞ்சியது ஒரு காரணம். அதனினும் வலுவானது சாதி. சமைத்த கை யாருடையது என்று தெரியாத சோற்றை உண்பது தீட்டு எனக் கருதியவர்களுக்கு, வீட்டிலிருந்து வந்த பொட்டலம் ஒரு வேலியாகவே அமைந்தது. வட இந்திய நிலையங்களில் ‘இந்துத் தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ என இரு வேறு பானைகள் இருந்தன. தென்னிந்திய நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்க்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்ததன் பயனாகவே 1941இல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. ஆகவே கட்டுச்சோற்றைப் பற்றி எழுதும்போது பாட்டியின் கைமணத்தை மட்டும் நினைவுகூர்வது நேர்மையாகாது.

நிலையத்தில் விற்ற உணவின் தரமும் மக்களைப் பொட்டலத்தின் பக்கமே தள்ளியது. 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த காந்தி, பதின்மூன்று ரூபாய் ஒன்பது அணா கொடுத்துப் பெற்ற இடம் எத்தகையது என விரிவாக எழுதியிருக்கிறார். இருபத்திரண்டு பேருக்கு எனக் குறிக்கப்பட்டிருந்த பெட்டியில் அடைபட்ட கூட்டத்தைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. வழியில் கிடைத்த தின்பண்டங்களின் அழுக்கையும் தேநீரின் தரத்தையும் தனித்தனியே குறித்தார். பயண உணவு குடிமக்களின் உரிமை சார்ந்த பொருள் என்று கண்ட தொடக்க கால ஆவணங்களுள் அதுவும் ஒன்று என்பேன்.

விமானத்தின் கதை வேறு. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானம் சுமந்தது கடிதங்களை. பயணிகள் பெருகி, 1953இல் வான்சேவை நாட்டுடைமையாகி, இந்தியன் ஏர்லைன்ஸ் உருவான பிறகே உணவுத்தட்டு உள்நாட்டுப் பயணத்தின் அடையாளமாக நிலைபெற்றது. அது ஏன் வந்தது? விருந்தோம்பல் என்பது விளம்பரம் தந்த விடை. பொருளியல் தரும் விடை வேறு: அன்று உலகெங்கும் பயணக் கட்டணங்கள் ஒப்பந்தத்தாலும் அரசாணையாலும் கட்டுண்டிருந்தன. விலையைக் குறைத்துப் போட்டியிட வழியில்லாத நிறுவனங்கள் தட்டில் போட்டியிட்டன.

இதற்கு மிகச் சிறந்த சான்று 1958இன் ‘சாண்ட்விச் போர்’. அட்லாண்டிக் வழித்தடத்தில் புதிதாக வந்த சிக்கன வகுப்பில் சாண்ட்விச் போன்ற எளிய குளிர்ந்த உணவே தரலாம் என்று பன்னாட்டு வான்போக்குவரத்துச் சங்கம் விதித்திருந்தது. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., ஒற்றை ரொட்டித்துண்டின் மேல் இறைச்சியும் மீனும் காய்கறியும் அடுக்கி, இதுவும் சாண்ட்விச்தானே என்றது. பான் அமெரிக்கன் புகார் செய்தது. சாண்ட்விச் என்றால் என்ன என்பதை வரையறுக்க உலகின் பெரும் விமான நிறுவனங்கள் கூடி வாதிட்டன. முடிவில் எஸ்.ஏ.எஸ். அபராதம் கட்டியது. சிரிப்பூட்டும் நிகழ்ச்சிதான், ஆயினும் விலைக்கட்டுப்பாட்டின் பிள்ளையே இலவச உணவு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கட்டுப்பாடு தளர்ந்தபோது தட்டும் நகர்ந்தது. 1977இல் ஃபிரெடி லேக்கர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தொடங்கிய ஸ்கைட்ரெயின் சேவையில் உணவுக்குத் தனிக் காசு. இந்தியாவில் வான்கழகச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பெங்களூரிலிருந்து கிளம்பியது. 2005இல் ஸ்பைஸ்ஜெட்டும் கோஏரும், 2006இல் இண்டிகோவும் வந்தன. தட்டை நீக்கியதால் மிச்சமானது சோற்றின் விலை மட்டுமன்று. சமையற்கட்டு சுருங்கினால் இருக்கை கூடும். குப்பை குறைந்தால் விமானம் விரைவில் மறுபடியும் பறக்கும். எடை குறைந்தால் எரிபொருள் மிஞ்சும். மலிவுக் கட்டணம் இந்தச் சிறு சேமிப்புகளின் தொகை.

இங்கே ஒரு நெருடல் உண்டு. அறிமுகமற்ற நூறு பேர் வரிசையாக அமர்ந்து, யார் சமைத்தது என்று கேட்காமல், ஒரே சமையலறையின் உணவை ஒரே நேரத்தில் உண்ட இடம் அந்த விமானம். அறிந்தோ அறியாமலோ அது ஒரு சமபந்தி. அதில் உட்கார முடிந்தோர் மேட்டுக்குடியினர் என்பதால் அதைப் போற்றிப்பாட எனக்கு மனமில்லை. ஆனால் முதல் தலைமுறைப் பயணிகள் திரளாக ஏறத் தொடங்கிய அதே காலத்தில்தான் பந்தி எடுக்கப்பட்டது என்பதையும் கடந்துபோக முடியவில்லை. காசுள்ளவர் வண்டியில் வருவதை வாங்குகிறார். மற்றவர் பொட்டலத்தைப் பிரிக்கிறார். முன்பு சாதி வகுத்த வேலியின் இடத்தில் இப்போது விலைப்பட்டியல் நிற்கிறது. 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் பத்து ரூபாய்த் தேநீரோடு ஒரு சிற்றுண்டிக் கடையை அரசே திறக்க நேர்ந்தது, இந்த வேலி எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதற்கான ஒப்புதல்.

மருந்தைப் பொறுத்தவரை வரலாற்றின் திருப்புமுனை 2006 ஆகஸ்ட் 10. நீர்ம வெடிபொருளால் அட்லாண்டிக் விமானங்களைத் தகர்க்கும் சதி வெளிப்பட்ட அன்று, பிரிட்டனில் கைப்பை ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்யப்பட்டது. விலக்களிக்கப்பட்ட சிலவற்றுள் இன்றியமையாத மருந்தும் குழந்தையின் பாலும் இருந்தன. அந்தப் பாலை உடன்வருபவர் காவலர் முன் சுவைத்துக் காட்டவேண்டும். அரசவைகளில் மன்னனுக்குமுன் உணவைச் சுவைத்தவர்களின் பணி, இருபத்தோராம் நூற்றாண்டில் தாய்மார்மீது விழுந்தது. பின்னர் நூறு மில்லிலிட்டர் வரம்பு பன்னாட்டுப் பயணங்களில் நிலைபெற்றது. தயிர் உணவா, நீர்மமா என்னும் கேள்வி முதன்முறையாகப் பாதுகாப்புக் கேள்வியானது.

நீரிழிவு உடையவருக்கு இந்தப் பாகுபாடே பொருந்தாது. இன்சுலினைச் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெடக்கூடும். எனவே அது கையோடு வரவேண்டும், மருத்துவரின் சீட்டோடு. ஊசி போட்டபின் நேரத்துக்கு உண்ணாவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும். ஒன்றரை மணிநேரப் பறத்தலுக்கு வீட்டிலிருந்து வீடுவரை ஆறு மணிநேரம் ஆகிற நாட்டில், பையில் இருக்கும் இரண்டு இட்லி அவருக்கு மருந்துச்சீட்டின் ஒரு பகுதி. நீண்ட தாமதம் நேர்ந்தால் உணவு தரவேண்டும் என 2010இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதித்தது. அவ்விதி கடிகாரத்தைப் பார்க்கிறது, உடலைப் பார்ப்பதில்லை.

எல்லை கடந்தால் சிக்கல் கூடுகிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005இல் கேரளத்திலிருந்து வளைகுடாவுக்கு மலிவாகப் பறக்கத் தொடங்கியதிலிருந்து தொழிலாளர்களின் பைகளில் அதிகம் பயணித்தவை ஊறுகாயும் மசாலாவும் மாத்திரைகளும். கசகசாவை நம் சமையலறைகள் குருமாவுக்கு அரைக்கின்றன; 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் கசகசா விதையைத் தடைப்பட்டியலுக்குள் கொண்டுவரவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். கோடீன் கலந்த மருந்துக்கும் டிராமடால் மாத்திரைக்கும் அங்கு முன் அனுமதி வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. பயணச்சீட்டைத் தரகர் எடுத்துக்கொடுக்க, பையைத் தாய் கட்டிக்கொடுக்கும் ஒருவருக்கு இதை யார் சொல்வது?

உள்நாட்டிலும் இத்தகைய வகைப்படுத்தல் மோதல்கள் உண்டு. கொப்பரை தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் விமானச் சரக்கு விதிகளில் அபாயப் பட்டியலில் இருக்கிறது. முழுத் தேங்காய்க்கும் பயணியர் அறையில் இடமில்லை. சபரிமலை செல்வோரின் இருமுடியில் முன்முடி இறைவனுக்கு உரிய நெய்த்தேங்காயைத் தாங்குகிறது; பின்முடி, காட்டுவழிக்கு அடியவர் தமக்கெனக் கட்டிக்கொள்ளும் அரிசியும் அவலும். ஆற்றுணாவின் இன்றும் உயிருள்ள வடிவம் அது. 2024 அக்டோபர் இறுதியில் விமானப் பாதுகாப்புப் பணியகம் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுசெல்ல இசைந்தது. ஊடுகதிர்ச் சோதனை, வெடிபொருள் துகள் சோதனை, கையால் தடவிப்பார்த்தல் என மூன்றும் முடித்தபின், அந்தப் பருவத்துக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை.