சபை நடத்தும் முறையும் நம் இளைஞர் கழகங்களும்

கூட்டம் வேறு, சபை வேறு. சந்தையிற் கூடுவோரும் கூட்டமே. சித்திரைத் திருவிழாவில் வையைக் கரையிற் கூடுவோரும் கூட்டமே. பலர் ஓரிடத்தமர்ந்து, ஒருவர் பேச மற்றையோர் செவிமடுத்து, முடிவில் ஒரு கருத்தைத் தம் அனைவர்க்கும் பொதுவான கருத்தாக ஏற்றுக்கொள்ளும்பொழுதே அது சபையெனப் பெயர் பெறுகின்றது. இவ்வேற்றுமையை நம் இளைஞர்கள் நன்குணர வேண்டுமென்னும் விருப்பத்தால் இவ்வியாசத்தை எழுதத் துணிந்தோம்.

எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுகின்றோம். மதுரைக் கே.கே. நகரில், வண்டியூர்க் கண்மாய்க்கு அணித்தாகவுள்ள ஒரு வீட்டு மாடியில், நம்மவர் இளைஞர் கழகம் ஒன்றன் கூட்டம் நடைபெற்றது. கழகத்தின் பெயர் ஈண்டு வேண்டா. சந்தாவாலும் நன்கொடையாலும் சேர்ந்த பணத்தைக் கொண்டு படிப்பகம் அமைப்பதா, விளையாட்டுப் போட்டி நடத்துவதா என்பதே அன்றைய விஷயம். மேல்நிலைப் பள்ளியிற் பயிலும் பெண்ணொருத்தி எழுந்து, "சென்ற ஆண்டுப் போட்டிக்கு ஆன செலவுக் கணக்கை வாசித்துவிட்டு இதைப் பேசலாமே, அண்ணா" என்றனள். "கணக்கைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ உட்கார் அம்மா" என்பதே அவள் பெற்ற விடை. அக்கிராசனத்தில் இருந்தவரே போட்டியின் கட்சிக்குப் பரிந்து நெடுநேரம் பேசினர். நால்வர் ஒரே காலத்திற் குரலெழுப்பினர்; பின்வரிசையினர் கைதட்டினர்; கை தூக்கியோரை எவரும் எண்ணினாரில்லை. ஆயினும் நடவடிக்கைப் புத்தகத்தில் "ஏகமனதாக நிறைவேறிற்று" என்று எழுதப்பட்டது. அப்பெண்ணும் அவளுடன் வந்த இளையோர் நால்வரும் அதன்பின் கழகத்தின் வாயிலை மிதிக்கவில்லை. மூத்தோரென அழைக்கப்பெற்று முன்வரிசையில் அமர்ந்திருந்த யாமும் அன்று வாய் திறந்திலோம். அக்குற்றம் எம்முடையதே.

மதுரையிற் பிறந்தோர்க்கு இதன் தீமையை விரித்துரைத்தல் வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் ஒருவன் கூறியதைக் கேட்டான். கோவலனை அழைத்துக் கேட்டானில்லை. விசாரணையின்றிப் பிறந்த ஓர் ஆணை ஓர் உயிரைக் கொண்டது. பின்னர்க் கண்ணகி அவையிற் சிலம்பை உடைத்து, உள்ளிருந்தவை முத்தல்ல, மாணிக்கமே என்று காட்டியபொழுது அரசனும் வீழ்ந்தான்; நகரும் எரிந்தது. மறுபக்கத்தாரைக் கேளாது முடிவு செய்தலாகாது என்பதே இன்று உலகெங்கும் சபை ஒழுங்கின் முதல் விதி. அவ்விதி மீறப்பட்ட கதையை நம் ஊர் இத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டு வருகின்றது.

சபை நடத்தும் விதிகள் மேனாட்டாரிடமிருந்து வந்தவை, நமக்குப் புதியவை என்று சிலர் எண்ணுகின்றனர். இது பொருந்தாது. நம் பாண்டி நாட்டிலேயே, திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த மானூர்க் கோயிலில், சுமார் கி.பி. 800-ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் வட்டெழுத்துச் சாசனம் ஒன்று உளது. மாறஞ்சடையன் என்னும் பாண்டியனது 35-ஆம் ஆட்சியாண்டில், அவ்வூர் மகாசபையார் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டளைகள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. சபையில் அமர்தற்கு உரியோர் யாவர், வாரியங்களில் இடம்பெறத் தக்கோர் யாவர் என்பன முதலில் வரையறுக்கப்படுகின்றன. அதன்பின் வரும் விதியே நமக்கு வியப்பளிப்பது. சபையின்முன் வரும் ஒவ்வொரு காரியத்துக்கும் "அன்று, அன்று" என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்போரும், அவர்க்குத் துணை நிற்போரும், அவ்வாறு கெடுத்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும். தண்டம் இறுத்த பின்னரும் அதே விதிகளுக்கு அடங்கி நடத்தல் வேண்டும். ஏறக்குறைய ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னரே, வீண் தடை செய்வோரால் நம் முன்னோரும் வருந்தினர் என்பது இதனாற் புலனாகின்றது.

ஆயின், இவ்விதியை அப்படியே எடுத்தாளுதல் நன்றாகுமா? ஆகாது என்பதே எமது துணிபு. எல்லாவற்றுக்கும் தடை சொல்லுவோன் ஒருவன். ஒரு காரியத்தின் குறையை எடுத்துக் காட்டுவோன் மற்றொருவன். இருவரையும் பிரித்தறிதல் எளிதன்று. தண்டம் விதிக்கும் அதிகாரம் பெரும்பான்மையோர் கையில் இருக்குமாயின், கணக்குக் கேட்ட அப்பெண்ணும் தண்டத்துக்கு உரியவளாகிவிடுவாள். இக்காலத்துச் சபை விதிகள் இந்நோய்க்கு வேறு மருந்து காட்டுகின்றன. ஒருவர் எத்தனை முறை, எத்தனை நிமிடம் பேசலாமென்பதை முன்கூட்டியே வரையறுத்தல்; போதிய அளவு பேசியாயிற்று என்று தோன்றின் விவாதத்தை முடித்து வோட்டெடுக்கலாமெனப் பிரேரேபித்தல் ஆகிய இவையே அம்மருந்து. கருத்தைத் தண்டியாது காலத்தை மட்டும் அளப்பது இதன் சிறப்பு.

தொண்டை நாட்டு உத்தரமேரூர்ச் சாசனங்களை நேயர்கள் பலரும் கேட்டிருப்பர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தக்கோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, முதியோரும் இளையோரும் கூடிய மகாசபையின் நடுவில், உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் வாங்கும்பொழுது ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றும் விதித்தனர். கைக்குள் வேறோர் ஓலையை மறைத்துக்கொள்ள இடமில்லாதபடி செய்த சூழ்ச்சித்திறன் பாராட்டற்பாலது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் ஓலைக்கு உரியராகார் என்ற விதி, இன்று நம் கழகங்களின் சுவரில் எழுதி வைக்கத் தக்கது. இரண்டாண்டுக்குள் முதல் ஏற்பாட்டிற் குறை கண்டு, வயது வரம்பை முப்பது முதல் அறுபது என்பதினின்று முப்பத்தைந்து முதல் எழுபது என மாற்றியதும் நோக்கத்தக்கது. விதி வகுத்தோரே தம் விதியைத் திருத்தவும் அஞ்சினாரல்லர்.

எனினும், பழமையைப் போற்றுமிடத்து உண்மையை மறைத்தல் தகாது. மானூரும் உத்தரமேரூரும் பிரமதேய ஊர்கள். நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அச்சபைகளின் வாயில் திறந்திருந்தது. ஊரின் ஏனை மக்கட்கும் பெண்பாலார்க்கும் அங்கு இடமில்லை. உள்ளே நேர்மை இருந்தது. வாயிலில் நேர்மை இல்லை. அவர்தம் விதிகளை மேற்கொள்வோம். அவர்தம் வாயிற்கதவை மேற்கொள்ளேம். நம் சங்கமும் ஒரு மரபினரின் சங்கமே. ஆதலின், இவ்வீட்டுக்குள் இருப்போரிலேனும் செல்வர் வறியர், ஆண் பெண், மூத்தோர் இளையோர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவர்க்கும் ஒரு குரலும் ஒரு வோட்டும் உண்டென்பதை நாம் நாட்டாவிடில், பழஞ்சபைகளைக் குறைகூற நமக்கு யாது உரிமை?

இம்முறைகள் இந்நாட்டில் அதனினும் பழமையுடையன என்பதை டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1949-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் ஆற்றிய உரையில் நினைவூட்டினர். பௌத்த பிட்சு சங்கங்களில் இருக்கை ஒழுங்கு, பிரேரணை, கோரம், வோட்டெண்ணுதல், கண்டனத் தீர்மானம் முதலிய யாவும் இருந்தன என்பது அவர் எடுத்துக்காட்டியது. அச்சங்கங்களில் சலாகை என்னும் சிறு கோல்களைக் கொண்டு வோட்டெடுத்தனர் என்று விநய நூல்கள் கூறுகின்றன. ஒரு காலத்து இருந்த இவ்வழக்கத்தை இந்தியா இழந்துவிட்டது; மறுமுறையும் இழக்குமோ என்பதே அப்பெரியார் அன்று கொண்ட கவலை.

இனி மேனாட்டு வரலாற்றிற் சிறிது காண்போம். இங்கிலாந்தில் 1642-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், முதற் சார்லஸ் மன்னன் படைவீரருடன் காமன்ஸ் சபைக்கு வந்து, உறுப்பினர் ஐவரைச் சிறைப்படுத்தும் பொருட்டு அவர்கள் யாண்டுளரென வினவினன். சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டு, சபையின் கட்டளையின்றித் தாம் எதனையும் காணவோ கூறவோ இயலாதென்று பணிவுடன் மறுத்தனர். அக்கிராசனர் என்பவர் சபைக்கு எஜமானர் அல்லர், சபையின் ஊழியர் என்னும் கொள்கை அன்று நிலைபெற்றது.

அமெரிக்க நாட்டில் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்னும் இராணுவப் பொறியியலர் ஒருவர் இருந்தார். 1863-ஆம் ஆண்டில் நியூ பெட்போர்டு என்னும் ஊரில் ஒரு திருச்சபைக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்குமாறு அவரைத் திடீரெனக் கேட்டனர். முறை அறியாமையால் கூட்டம் குழம்பிற்று, அவர் நாணமுற்றார். முறை கற்றறியாமல் இனி ஒரு கூட்டத்துக்கும் செல்வதில்லை என உறுதி பூண்டு, பல்லாண்டு ஆராய்ந்து, 1876-ஆம் ஆண்டில் சபை விதிகளை ஒரு சிறு நூலாகத் தம் சொந்தச் செலவிலேயே 4,000 பிரதி அச்சிடுவித்தார். இன்றுவரை அந்நூல் பல பதிப்புகள் பெற்று, அந்நாட்டின் சிறு சங்கங்களையெல்லாம் நடத்தி வருகின்றது. ஒரு கூட்டத்தில் அடைந்த நாணத்தைப் பயனுள்ளதாக்கிக் கொண்ட அவரிடம் யாமும் பாடங்கற்க வேண்டியவர்களாகின்றோம்.

நம் மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டு தோன்றிய சென்னை மகாஜன சபை போன்ற அமைப்புகளிலேயே, சட்டசபைகளில் உரிமை கிடைக்கும் முன்னரே, நம் மக்கள் தீர்மானம் எழுதவும், ஆமோதிக்கவும், எதிர்த்துப் பேசவும் பழகினர். 1927-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னைச் சட்டசபையின் உபதலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆடவரே நிறைந்த சபையொன்று ஒரு பெண்மணியை அவ்வாசனத்தில் அமர்த்திற்று. அங்கே "ஏகமனதாக" என்ற சொல் மெய்ப்பொருள் உடையதாயிற்று. அரசியல் நிர்ணய சபையின் பொறுமையோ இதனினும் பெரிது. அரசியல் சட்ட நகலுக்கு 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றுள் 2,473 சபையிற் பிரேரேபிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டன. பிரிவினையின் துயர் நாட்டைச் சூழ்ந்திருந்த காலத்திலும் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டனர். ஒரு மாடியிற் கூடும் முப்பது பேர் நாம் கேட்கலாகாதா?

ஆதலின், நம் இளைஞர்க்கு வேண்டிய விதிகளைச் சுருங்கக் கூறுவோம். கூட்டத்தின் நாளும் இடமும் விஷயமும் முன்னரே எல்லா உறுப்பினர்க்கும் தெரிவிக்கப்படல் வேண்டும். அறிவிக்காத விஷயத்தை இறுதியில் நுழைத்தல் வஞ்சனையாகும். குறைந்த அளவு இத்தனை பேர் இருந்தாலன்றி முடிவு செய்தலாகாதெனக் கோரம் வகுத்தல் வேண்டும். நம் பாராளுமன்றத்துக்கு அது பத்தில் ஒரு பங்கு. ஒருவர் பிரேரேபித்து மற்றொருவர் ஆமோதித்த பின்னரே ஒரு விஷயம் விவாதத்துக்கு வரும். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். ஒரு நேரத்தில் ஒருவர். பேசுவோர் அக்கிராசனரை நோக்கியே பேசுவாராயின், ஒருவரையொருவர் ஏசுதல் தானே ஒழியும். ஒருமுறையும் பேசாதவர்க்கு, முன்பே பேசியவரினும் முதலிடம் அளித்தல் வேண்டும். திருத்தப் பிரேரணை வந்தால் அதனை முதலில் வோட்டுக்கு விட்டு, அதன்பின் மூலத் தீர்மானத்தை விடுதல் முறை. அக்கிராசனர் ஒரு கட்சிக்குப் பேச விரும்பின், அவ்விஷயம் முடியுந்துணையும் ஆசனத்தைப் பிறரிடம் ஒப்புவித்து இறங்குதல் கடன். வோட்டு இருபாலும் சமமாயினாலன்றி அவர் வோட்டளித்தல் வேண்டா. ஆதரித்தோர் எத்தனை பேர், எதிர்த்தோர் எத்தனை பேர் என எண்ணி உரக்கக் கூறுதல் வேண்டும்.

"இத்துணை விதியும் நமக்கு எதற்கு? நாமெல்லாம் ஒரே குடும்பம் அன்றோ?" என்பார் உளர். மெய்யே. அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் என்று ஒருவர்க்கொருவர் உறவினரே. ஆனால், அதனாலேயே விதி மிகுதியும் வேண்டப்படுகின்றது. அயலார் கூடிய சபையில் இளையோன் எதிர்த்துப் பேசினால் அது கருத்து வேற்றுமை. உறவினர் சபையிற் பேசினால் அது மரியாதைக் குறைவு என்று கொள்ளப்படும். விதி இருப்பின், அவன் மாமனை எதிர்க்கவில்லை, தீர்மானத்தையே எதிர்க்கின்றான். கூட்டம் முடிந்தபின் இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம். உறவைக் காப்பதற்கே விதி.

இறுதியாக ஒன்று. சென்ற கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பை வாசித்து ஏற்றல் என்பதை நம்மவர் வெறுஞ் சடங்கென எண்ணி, "வாசித்ததாக வைத்துக்கொள்வோம்" என்று கடந்துவிடுகின்றனர். அது சடங்கன்று. நடந்தது ஒன்று, எழுதியது ஒன்றாயின், திருத்தக்கோருதற்கு விதி அளிக்கும் வாயில் அதுவே. மேற்கூறிய கழகத்தின் அடுத்த கூட்டத்தில் அப்புத்தகம் வாசிக்கப்படும்பொழுது, "ஏகமனதாக" என்னும் சொல்லை நீக்க வேண்டுமென யாமே எழுந்து பிரேரேபிக்க உறுதி கொண்டுள்ளோம். ஆமோதிக்க ஒருவர் வேண்டும். அப்பெண்ணின் இல்லத்துக்கும் அந்நால்வர் இல்லங்கட்கும் நேரிற் சென்று, வருமாறு வேண்டிக்கொள்ளவும் எண்ணியிருக்கின்றோம். போட்டியா படிப்பகமா என்பதில் அவர்கள் பக்கமே வெல்லுமென்று யாம் கூறவில்லை, தோற்பினும் தோற்கலாம். எண்ணப்பட்டுத் தோற்றவர் மறுகூட்டத்துக்கு வருவர், எண்ணப்படாதவர் வாரார்.

மதுரையின் சங்கப் பலகை, தகுதியுடையார் வருந்தோறும் இடம் விரிந்து கொடுத்ததென்பது பழங்கதை. நம் கழகத்தின் பாயும் அங்ஙனம் விரிவதாக.