டெலி லென்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல தூரத்தையும் வெளிச்சத்தையும் கணக்குப் போடுங்க!

கேமரா வாங்கியாச்சு. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸில் வீட்டுப் பூனை, மொட்டைமாடி மேகம், நண்பனின் கல்யாண விருந்து எல்லாம் எடுத்தாச்சு. ஒருநாள் ஏரிக்கரையில் மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆசையாக க்ளிக் செய்து பார்த்தால், போட்டோவில் நீலமாக ஒரு புள்ளிதான் இருக்கும். அன்றைக்கு ராத்திரியே ஷாப்பிங் ஆப்பைத் திறந்து ‘டெலிபோட்டோ ஜூம் லென்ஸ்’ என்று தேட ஆரம்பித்துவிடுவோம்.

தேடினால் தலை சுற்றும். 55-250, 70-200, 70-300, 150-600 என்று வரிசையாக நம்பர்கள். ஒன்று ஒரு மாசச் சம்பளத்தில் முடிந்துவிடும்; இன்னொன்று புது பைக்கைவிட அதிக விலை. இதில் வேடிக்கை என்னவென்றால், பைக்கைவிட அதிக விலை சொல்லும் 70-200 லென்ஸ், மாசச் சம்பள 70-300 லென்ஸைவிடக் குறைவான தூரம்தான் இழுக்கும். அப்புறம் எதுக்கு அந்த விலை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், பாதித் தேர்வு முடிந்த மாதிரி. ‘எத்தனை எம்.எம்.?’ என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் எடுக்கப்போகும் ஆளோ பறவையோ எவ்வளவு தூரத்தில் இருக்கும்? அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும்?

ஜூம் வேற, டெலி வேற!

இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். ஒரே லென்ஸில் எம்.எம். அளவை மாற்ற முடிந்தால் அது ஜூம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டினால் அது டெலிபோட்டோ. உங்கள் 18-55 கிட் லென்ஸும் ஜூம்தான். சுமார் 3 மடங்கு. 70-200 லென்ஸும் கிட்டத்தட்ட அதே 3 மடங்கு ஜூம்தான். ஆனால், முதலாவது டெலிபோட்டோ இல்லை. அதனால் ‘எத்தனை எக்ஸ் ப்ரோ?’ என்ற கேள்விக்கு இங்கே வேலை இல்லை. கடைசி நம்பர் எத்தனை எம்.எம். என்றுதான் பார்க்க வேண்டும்.

‘போன்லயே 100 எக்ஸ் இருக்கே’ என்று தோன்றலாம். 2021-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்21 அல்ட்ராவை எடுத்துக்கொள்வோம். அதில் லென்ஸே செய்யும் ஜூம் 10 எக்ஸ் வரைதான். அது ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 240 எம்.எம். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்கி, சாஃப்ட்வேர் மெருகேற்றுவது.

சென்சார் அளவையும் மறக்க வேண்டாம். ஆரம்ப, நடுத்தர விலை கேமராக்களில் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.-சி சென்சார் இருக்கும். இது ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னது. அதனால் 250 எம்.எம். லென்ஸ் இதில் ஃபுல் ஃப்ரேமின் 375 எம்.எம். போலத் தெரியும். கேனன் என்றால் 400. தூரத்துப் படம் எடுப்பவர்களுக்குச் சின்ன சென்சார் ஒருவகையில் லாபம்தான்.

கேள்வி 1: எவ்வளவு தூரம்?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. தூரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். 24-ஆல் பெருக்கி, லென்ஸின் எம்.எம். அளவால் வகுங்கள். படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது வந்துவிடும். இந்த 24 என்பது ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் அகலம், மில்லிமீட்டரில். ஃபுல் ஃப்ரேம் என்றால் 36 போட்டுக்கொள்ளுங்கள். உயரம் வேண்டுமென்றால், வந்த அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

வேடந்தாங்கலில் 50 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் சங்குவளை நாரை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 250 எம்.எம். இருந்தால் படத்தின் அகலம் 4.8 மீட்டர், உயரம் 3.2 மீட்டர். நாரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். மரமும் கூடும் சேர்ந்த அழகான படம் கிடைக்கும்.

இப்போது அந்த மீன்கொத்தி. சிறு மீன்கொத்தியின் நீளம் சுமார் 17 செ.மீ.தான். 15 மீட்டர் தூரத்தில் 250 எம்.எம். போட்டால் படத்தின் அகலம் 1.44 மீட்டர், பறவை அதில் எட்டில் ஒரு பங்கு. 600 எம்.எம். போட்டால் அகலம் 60 செ.மீ.; பறவை கால் பங்குக்கு மேல் வந்துவிடும். சின்னப் பறவை எடுக்கிறவர்கள் 600-க்கு ஏங்குவது ஏன் என்று இப்போ புரியுதா?

கிரிக்கெட்? பவுண்டரி ஓரத்தில் உட்கார்ந்தால் பிட்ச் சுமார் 65 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், 250-ல் படத்தின் உயரம் 4 மீட்டருக்குச் சற்று மேல். பேட்ஸ்மேன் பாதிக்கும் குறைவாகத்தான் தெரிவார்.

சபா மேடை? 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்து 200 எம்.எம். போட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 1.8 மீட்டர் உயரம் அடங்கும். ஆடுபவரின் முழு உருவமும் தலை முதல் சலங்கை வரை கச்சிதமாக வந்துவிடும். இதற்குமேல் எம்.எம். தேவையே இல்லை. ஆனால், மேடையில் பிரச்னை தூரம் இல்லை, வெளிச்சம்.

கேள்வி 2: எவ்வளவு வெளிச்சம்?

லென்ஸின் பெயரில் எஃப்/2.8, எஃப்/4, எஃப்/4.5-6.3 என்று ஒரு எண் இருக்கும். லென்ஸ் வாசலை எவ்வளவு பெரிதாகத் திறக்க முடியும் என்பதன் அளவு அது. எண் சின்னதாக இருந்தால் வாசல் பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். எஃப்/2.8-ல் வரும் வெளிச்சத்தில் பாதிதான் எஃப்/4-ல் வரும்; எஃப்/5.6-ல் கால் பங்கு.

‘4.5-6.3’ என்று இரண்டு எண் இருந்தால், ஜூம் செய்யச் செய்ய வாசல் சுருங்கும் என்று அர்த்தம். அதாவது, உங்களுக்கு மிகவும் தேவைப்படும் கடைசி முனையில்தான் வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும்.

மார்கழிக் கச்சேரி மேடையையே எடுத்துக்கொள்வோம். எஃப்/2.8 லென்ஸில் 500-ல் ஒரு பங்கு விநாடி ஷட்டர், ஐ.எஸ்.ஓ. 3200 வைத்துச் சரியான படம் கிடைக்கிறது. அதே இடத்தில் எஃப்/5.6 லென்ஸ் போட்டால் இரண்டே வழி. ஐ.எஸ்.ஓ.வை 12,800-க்கு ஏற்ற வேண்டும். படம் புள்ளி புள்ளியாகும். இல்லையென்றால் ஷட்டரை 125-ல் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். முத்திரை பிடிக்கும் விரல்கள் கலங்கிப்போகும். பைக் விலை 70-200 எதுக்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில். அது அதிக தூரத்துக்கான காசு இல்லை. அதிக வெளிச்சத்துக்கான காசு.

அந்த வெளிச்சத்துக்கு எடையும் உண்டு. எம்.எம். அளவை எஃப் எண்ணால் வகுத்தால், வாசல் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பது தெரியும். 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் சுமார் 71 மி.மீ. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. கண்ணாடி இவ்வளவு பெரிதாக இருந்தே ஆக வேண்டும். எந்த கம்பெனியாலும் இதைத் தாண்ட முடியாது. ‘குட்டியா, கம்மி விலைல, 600 எம்.எம். எஃப்/2.8’ என்று யாராவது விற்றால், வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

யாருக்கு எது?

*பயணம், வெயிலில் நடக்கும் விளையாட்டு, கோயில் தேர், குழந்தைகள்:* 55-250, 50-250, 70-300 போன்ற லென்ஸ்கள் போதும். கேனன் இ.எஃப்-எஸ் 55-250 எஸ்.டி.எம். 375 கிராம், நிக்கான் இசட் டி.எக்ஸ் 50-250 சுமார் 405 கிராம். பையில் இருப்பதே தெரியாது. பகல் வெளிச்சத்தில் அருமையான படங்கள் தரும். முதல் டெலி லென்ஸ் என்றால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி.

*மேடை, கல்யாண மண்டபம், இன்டோர் விளையாட்டு:* 70-200 எஃப்/2.8. சோனியின் இரண்டாம் தலைமுறை ஜி.எம்., கேனனின் ஆர்.எஃப். இரண்டுமே ஒரு கிலோவுக்குச் சற்று மேல். போட்டோகிராஃபியில் சம்பாதிப்பவர்களுக்கு இது முதலீடு. பட்ஜெட் இடித்தால் 70-200 எஃப்/4 ஒரு நடுவழி.

*பறவை, காட்டுயிர்:* சிக்மா, டாம்ரானின் 150-600, சோனி 200-600, நிக்கான் இசட் 180-600. எல்லாமே 2 கிலோவை ஒட்டிய எடை. அரை நாள் கழுத்தில் தொங்கவிட்டு நடக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேனன் ஆர்.எஃப். 100-400 வெறும் 635 கிராம்தான். ஆனால் 400-ல் எஃப்/8. காலை வெயிலில் ராஜா. காட்டு நிழலில் திணறும்.

மாட்டுமா, ஃபோகஸ் ஆகுமா?

ஆஃபரைப் பார்த்து அவசரப்படுபவர்கள் சறுக்கும் இடம் இது.

கேனனில் பழைய இ.எஃப்., இ.எஃப்-எஸ் லென்ஸ்களை அடாப்டர் போட்டு ஆர்.எஃப். மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்தலாம். ஆர்.எஃப். லென்ஸை டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் மாட்டவே முடியாது.

நிக்கான் டி3500, டி5600 மாதிரி கேமராக்களின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய ‘டி’ வகை லென்ஸை மாட்டினால், கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மறுபக்கம், புதிய ஏ.எஃப்-பி லென்ஸ்கள் டி3200, டி5100, டி7000 போன்ற பழைய கேமராக்களில் வேலை செய்யாது. பில் போடும் முன், உங்கள் கேமரா மாடலோடு அந்த லென்ஸ் ஒத்துப்போகுமா என்று கம்பெனியின் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

கை நடுக்கத்துக்கு மருந்து

லென்ஸ் நீள நீள, கையின் சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அதைத் தடுக்கும் வசதியை கேனன் ஐ.எஸ். என்கிறது, நிக்கான் வி.ஆர்., சோனி ஓ.எஸ்.எஸ்., டாம்ரான் வி.சி. கேனன் ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400 போன்ற கேமராக்களின் உடலில் சென்சாரை அசைத்து நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இல்லை. அப்படியென்றால் லென்ஸில் கட்டாயம் இருக்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுக்கும் கேனன் 75-300 மூன்றாம் பதிப்பில் இந்த வசதி கிடையாது. நிக்கானின் ஏ.எஃப்-பி டி.எக்ஸ் 70-300 லென்ஸ் வி.ஆர். உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையாக வந்தது. பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று... இந்த வசதி உங்கள் நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறக்கும் பறவையையும் ஓடும் குழந்தையையும் நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர்தான் ஒரே வழி.

செகண்ட் ஹேண்டா? இதெல்லாம் செக் பண்ணுங்க

லென்ஸ் என்பது கேமராவைவிட நீண்ட நாள் உழைக்கும் பொருள். அதனால் பழையதை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

* போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து, மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.
* உங்கள் கேமராவிலேயே மாட்டி, கடைசி எம்.எம்.மில், முழு வாசலும் திறந்து, தூரத்துக் கடையின் பெயர்ப் பலகையை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி, நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் ரொம்பக் கலங்கியிருந்தால், லென்ஸ் கீழே விழுந்ததாக இருக்கலாம்.
* ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறதா, ஜூம் வளையம் சிக்குகிறதா, நடுக்கம் தடுக்கும் வசதி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.
* புதிது வாங்கினால் இந்திய வாரன்ட்டியும் பில்லும் கேட்டு வாங்குங்கள்.

எந்த லென்ஸாலும் முடியாதது

சித்திரை வெயிலில், நண்பகலில், தார் ரோட்டின் மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றின் ஊடாக 100 மீட்டர் தூரத்தை எடுத்தால், எத்தனை லட்ச ரூபாய் லென்ஸிலும் படம் தண்ணீருக்குள் இருப்பது போலத்தான் வரும். லென்ஸைக் குறை சொல்லாமல், காலை 7 மணிக்குப் போய் எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். கடலோர ஊர்களின் ஈரக்காற்று பூஞ்சைக்குக் கொண்டாட்டம். லென்ஸை மாதக்கணக்கில் தோல் பைக்குள் மூடி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். முடிந்தவரை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

வாங்கும் முன் ஒரு நாள் வாடகை!

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் இடத்துக்கே அதைக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க எடுத்துப் பாருங்கள். ராத்திரி வந்து ஒவ்வொரு படமும் எத்தனை எம்.எம்.மில், எந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்தது என்று பாருங்கள். போட்டோ ஃபைலிலேயே அந்த விவரம் இருக்கும். பெரும்பாலான படங்கள் 200-க்குள் இருந்தால், 600 உங்களுக்குத் தேவையில்லை. எல்லாமே கடைசி முனையில் முட்டிக்கொண்டு நின்றால், உங்களுக்கு நீளம் வேண்டும். ஐ.எஸ்.ஓ. எகிறிக்கிடந்தால், வேண்டியது வெளிச்சம். தோள் வலித்தால்... அதுவும் ஒரு பதில்தான்!