தோட்டத்து ஆஸ்பத்திரி மீண்டெழுந்த கதை

பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்களைக் கேட்டால், அந்நாளில் டிரெசர்தான் தங்களுக்கு டாக்டர் என்பார்கள். அந்த ஆஸ்பத்திரிகள் ஒருமுறை பாழாகி மீண்டதை இன்று காண்போம்.

கெடா 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் வசம் வந்தது. காட்டை அழித்து ரப்பர் கன்று நட்ட நம் முன்னோரை வாட்டியது குளிர்காய்ச்சல். கொசுவே அதற்குக் காரணம் என்பதற்கு ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் சான்று கண்டார். மலாயாவில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901 முதல் கிள்ளானில் காட்டை வெட்டி, சதுப்பை வடித்துக் காய்ச்சலைத் தணித்தார். மேட்டு நிலத்திலோ அந்த வைத்தியம் பலிக்கவில்லை. கிள்ளான் கொசு நிழலை நாடுவது. குன்றோரத்துக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்ட வெட்ட ஓடையில் வெயில் விழுந்தது, காய்ச்சலும் கூடியது! பிறகே ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்வழி விட்டார்கள். தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர்களைக் கணக்கெடுத்தார்கள். தோட்டத்தில் நோய் எவ்வளவு என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். ஆசிரியர்களாகிய நமக்கு இங்கே மனம் உறுத்துகிறது. வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளை சோம்பேறி என்று எத்தனை அடி வாங்கியதோ!

தொழிலாளர் சட்டங்களின் கட்டாயத்தால் ஆஸ்பத்திரிகள் எழுந்தன. பல தோட்டங்கள் சேர்ந்து ஒன்றை நடத்துவதும் உண்டு. டாக்டர் எப்போதாவது வருவார். டிரெசர் அங்கேயே குடியிருப்பார்.

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் கொடுத்தனர். கொயினா அரிதாயிற்று. கால்வாய்கள் தூர்ந்தன. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாம் மரண ரயிலுக்குப் போன பல்லாயிரம் தமிழர் திரும்பவில்லை; திரும்பியவர்கள் காலில் புண்ணோடும் உடம்பில் காய்ச்சலோடும் வந்தார்கள்.

1945-க்குப் பின் கூரையை மாற்றுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் எளிதாகவே இருந்திருக்கும். தூர்ந்த கால்வாயைத் திறப்பதும், மருந்தைத் தடையின்றி வரவழைப்பதும், பயிற்சி பெற்றவரை வைத்திருப்பதும் அல்லவா பெரும்பாடு! டி.டி.டி.யும் குளோரோகுவினும் அப்போது கைகொடுத்தன. 1950-களில் நம் ஜித்ராவிலேயே கிராம சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி நிலையம் அமைந்தது. முன்பு படை தோற்ற ஊர் அது! 1967-இல் அரசாங்கம் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, வீடு வீடாகச் சுவரில் மருந்தடித்தது.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. டிரெசர் போனார், ஆஸ்பத்திரிக் கதவும் பல இடங்களில் சாத்தப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டோடு ஆஸ்பத்திரியும் பிள்ளைக் காப்பகமும் இடம்பெற்றன. ஆயினும் மூடிய கதவுகளில் பல திறக்கவில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு நம்மவர் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி தேடிப் போகலாயினர்.