பஸ் நிற்காத இடம்!

டெல்லியை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் டூரிஸ்ட் பஸ்களுக்கென்றே ஒரு வேகம் உண்டு. காலையில் குதுப்மினார், அப்புறம் ஹுமாயூன் சமாதி, சாயங்காலம் செங்கோட்டை. 'அரை மணி நேரம்தான்! லேட்டா வந்தா பஸ் நிக்காது' என்று கைடு மிரட்ட, மொத்தக் கூட்டமும் ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு வரும்.

ஹுமாயூன் சமாதியைக் காட்டி, 'தாஜ்மஹாலுக்கு இதுதான் தாத்தா' என்பார் கைடு. வாஸ்தவம்தான். ஆனால், மொகலாய சாம்ராஜ்யம் முடிந்துபோனதும் இங்கேதான்!

1857 செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் டெல்லியை மீண்டும் பிடித்தபோது, எண்பது வயதைத் தாண்டிய பகதூர் ஷா ஜாஃபர், செங்கோட்டையை விட்டு வெளியேறித் தஞ்சம் புகுந்தது தன் முன்னோரின் இந்தச் சமாதியில்தான். 'உயிருக்கு ஆபத்தில்லை' என்று ஹாட்சன் என்கிற குதிரைப்படை அதிகாரி வாக்குக் கொடுக்க, கிழவர் சரணடைந்தார்.

மறுநாள் ஹாட்சன் திரும்பி வந்தார். இந்தத் தடவை ஜாஃபரின் மகன்கள் மிர்ஸா மொகல், கிஸ்ர் சுல்தான், பேரன் அபூபக்கர் மூவரும் சரணடைந்தார்கள். இவர்களுக்கு எந்த வாக்குறுதியும் கிடையாது! மாட்டு வண்டியில் ஏற்றி நகரத்தை நோக்கிக் கூட்டிப்போனவர், வழியில் ஒரு பழைய வாசல் அருகே வண்டியை நிறுத்தினார். மேலாடைகளைக் கழற்றச் சொன்னார். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை... மூவரையும் தன் கையாலேயே சுட்டுக் கொன்றார். பிணங்கள் சாந்தினி சௌக்கில் பார்வைக்குப் போடப்பட்டன.

அந்த வாசலுக்கு இன்று 'கூனி தர்வாஸா' என்று பெயர். 'கூனி' என்றதும் மந்தரை ஞாபகம் வரவேண்டாம்! இந்தியில் 'கூன்' என்றால் ரத்தம். 1999-ல் கும்ப்ளே பாகிஸ்தானின் 10 விக்கெட்டுகளையும் சாய்த்தாரே, அந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது நிற்கும் சாலையின் பெயர் என்ன தெரியுமா? பகதூர் ஷா ஜாஃபர் மார்க்! பிள்ளைகள் சுடப்பட்ட இடத்துக்கு அப்பாவின் பெயர்.

செங்கோட்டையில் திவான்-இ-காஸ் மண்டபத்துக்குப் போனால், மயிலாசனத்தைப் பற்றி கைடு விஸ்தாரமாகச் சொல்வார். 1858 ஜனவரியில் ஜாஃபரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்ததும் இதே மண்டபத்தில்தான். வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்கு 1765-ல் எழுதிக் கொடுத்தவர் அவருடைய தாத்தா ஷா ஆலம். கொடுத்தவரின் பேரன் குற்றவாளி, வாங்கியவர்கள் நீதிபதி!

ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்ட ஜாஃபர், 1862-ல் அங்கேயே இறந்தார். அடையாளம் தெரியாமல் புதைத்துவிட்டார்கள். நிஜமான கல்லறை 1991-ல்தான் கிடைத்தது.

அடுத்த தடவை சமாதியிலிருந்து செங்கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது, அந்தக் கல் வாசல் வருகிறதா என்று கைடிடம் கேட்டுப் பாருங்கள். பஸ் நிற்காவிட்டால் பரவாயில்லை, பேச்சையாவது ஒரு நிமிஷம் நிறுத்தலாம்!