சாஞ்சியில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்

ஊரிலிருந்து யார் வந்தாலும் சாஞ்சிக்கு அழைத்துப் போவது போபால்வாழ் தமிழர்களின் வழக்கம். ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். "அசோகர் கட்டினது, 1989-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது" என்று சொல்லி, தோரண வாயில் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். வங்கிக்காரனான எனக்கோ அங்கே அசோகரைவிட, காசு கொடுத்த சாதாரண ஜனங்களைத்தான் அதிகம் பிடிக்கும்.

அசோகர் எழுப்பியது உள்ளே இருக்கும் செங்கல் தூபி. மேலே போர்த்திய கல்லும், சுற்றுவேலியும், தோரணங்களும் பின்னால் வந்தவை. அவற்றுக்குக் கொடுத்தவர்கள் வணிகர்கள், பிக்குணிகள், குடும்பப் பெண்கள். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கிறது. தெற்குத் தோரணத்தில், விதிஷாவின் தந்த வேலைக்காரர்கள் செதுக்கியது என்றே எழுதியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹரிஸ்வாமினி என்ற பெண்மணியின் கல்வெட்டு. குப்தர் காலம், கி.பி. 450-51. சங்கத்திடம் 12 பொன் தினாரம் கொடுக்கிறார். முதலைத் தொடக்கூடாது, வட்டியில் தினம் ஒரு பிக்குவுக்குச் சாப்பாடு. இன்னொரு 3 தினாரத்தின் வட்டியில் ரத்தின கிருகத்தில் மூன்று விளக்கு. நான்கு புத்தர்கள் அமர்ந்த இடத்தில் ஒரு விளக்குக்கு 1 தினாரம். ஆக 16 தினாரம். இதற்கு 'அக்ஷய நீவி', அதாவது அழியா முதல், என்று பெயர். நம்மூர்க் கோயில்களில் நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்டு, 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்களே, அதே கணக்குதான்!

முதல் அழியாது என்றார்கள். ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கமே இல்லாமல் போயிற்று. 1818-ல் ஜெனரல் டெய்லர் கண்டபோது சாஞ்சி ஆளரவமற்ற இடிபாடு. விளக்குகள் எப்போதோ அணைந்துவிட்டன.

மிஞ்சியவை ரசீதுகள்தான். 1837-ல் கல்கத்தா நாணயச் சாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் குட்டிக் கல்வெட்டுகளின் படிகளைப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கொடை பற்றியவை என்றால் அந்தச் சொல் 'தானம்' ஆகத்தானே இருக்கும் என்று ஊகித்தார். ஊகம் சரி. அதைப் பிடித்துக்கொண்டு பிராமி எழுத்து முழுவதையும் படித்தார். அசோகரின் கல்வெட்டுகள் பேசியது அதற்குப் பிறகுதான். ஒரு தூண், ஒரு குறுக்குக்கல் என்று கொடுத்தவர்களின் ரசீதுதான் சக்ரவர்த்தியை அடையாளம் காட்டியது.

அடுத்த முறை போகும்போது தோரணத்தோடு நிற்காதீர்கள். வேலிக் கற்களின் மேல் இருக்கும் சின்ன எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வரியின் கடைசி இரண்டு எழுத்து என்னவென்று அவர்களே சொல்லட்டும்.